ஷிப்ட்

பத்தாங் பெர்ஜுந்தை செம்பனை ஆலையில்
எடைமேடையைப் பார்த்த சின்ன அறை.
தொண்ணூற்று மூன்றில் அங்கே ஒரு கணினி வந்தது.
தட்டச்சுப் பொறிக்குத் தைத்த துணி மிச்சமிருந்தது,
அதிலேயே இதற்கும் ஓர் உறை.

பகலுக்கு நான், இரவுக்கு ஹம்டான்.
ஏழு மணிச் சங்கு ஊதும்போது
ஒரே நாற்காலியின் சூட்டைக் கைமாற்றிக்கொள்வோம்.
பதிவேட்டை வலது கையால் நீட்டுவான்.
"பாகி" என்பான். அதோடு சரி.

என் இடது சுண்டுவிரல்
எண்பத்தெட்டில், குலை ஏற்றும் பட்டையில் போனது.
ஆலை கொடுத்தது ஆயிரத்து இருநூறு வெள்ளி,
இந்தக் கிராணி வேலை.
பக்கத்து விரலும் பாதி மரக்கட்டை,
ஒரு விசையில் உட்கார்ந்தால்
எழுந்திருக்க யோசிக்கும்.
கணினியோ யோசிக்கவே விடாது.
முதல் வாரம் நான் அடித்த கடிதமெல்லாம்
திக்கித் திக்கிப் பேசின:
துவாஆஆஆன்.

லோரி வராத ஒரு மழை மத்தியானம்
கட்டுப்பாட்டுப் பலகையைத் திறந்தேன்.
உள்ளே சாவிப்பலகையின் படம்,
அதற்குள் ஒரு நழுவுபட்டை.
தாமதம்: நீளமா, குட்டையா?
நீளத்தின் விளிம்புவரை தள்ளினேன்.
ஐந்து வருஷத்தில் இந்த ஆலை
எனக்காகப் பொறுத்த முதல் வினாடி.

ஷிப்ட் விசைக்குச் சுண்டுவிரல் வேண்டும்.
பழுதுபார்க்க வரும் கோ ஒரு வட்டு கொடுத்தான்.
தட்டிவிட்டுக் கையை எடுத்துவிடலாம்,
அடுத்த எழுத்து வரும்வரை ஷிப்ட் காத்திருக்கும்.
இந்த ஊரில் ஷிப்ட் யாருக்கும் காத்திருந்து
நான் பார்த்ததில்லை.

ஜன்னல்களின் சட்டத்தையும் தடிமனாக்கினேன்,
பிடித்து இழுக்க வாகாக.
ஒன்றின்மேல் ஒன்றாகச் சரிந்து கிடக்கட்டும்,
தலைப்பு தெரிந்தால் போதும்.

மறுநாள் காலை எல்லாம் மாறியிருந்தது.
சட்டம் நூலாக மெலிந்து,
ஜன்னல்கள் தரைக்கல் பதித்ததுபோல் வரிசையாக,
தொட்டதும் எழுத்து கொட்டும் வேகம்.
எலி மட்டும் மேசையின் தப்பான பக்கத்தில்.
நான் என் பக்கம் திருப்புவேன்,
அவன் இரவில் அவன் பக்கம் திருப்புவான்.
மூன்று மாதம் இப்படியே,
ஒரு வார்த்தை பேசாமல் ஒரு சண்டை.

ஒரு திங்கட்கிழமை
கேட்டுக்கு வெளியே பதினொரு லோரி.
மாற்ற நேரமில்லை.
சூசையின் லோரிக்குப் பன்னிரண்டு டன் நானூறு.
கடைசிச் சுழியத்தில் விரல் கொஞ்சம் தங்கிவிட்டது.
சீட்டை வெயிலில் பிடித்து வாசித்தான் சூசை:
"நூத்தி இருபத்து நாலு டன்னா?
அண்ணே, வர்ற வழியில பாலமே உட்கார்ந்திருக்குமே!"
வரிசை முழுக்கச் சிரித்தது.
மேனேஜர் சிரிக்கவில்லை.

யார் போய் ஹம்டானிடம் சொன்னார்களோ.
மறுநாள் கணினியை முடுக்கினால்
கறுப்புத் திரையில் ஒரே கேள்வி.
சியாப்பா?
யார் நீ?
ஒன்று: சீலன். இரண்டு: ஹம்டான்.
ஒன்றை அழுத்தினேன்.
என் தடித்த சட்டங்கள், என் நீண்ட தாமதம்,
காத்திருக்கும் என் ஷிப்ட்.
ஒன்றையும் அவன் தொடவில்லை.

எலி அன்றும் இடப்பக்கமே கிடந்தது.
ஒழுங்கில்லாதவன் என்று முணுமுணுத்து
இந்தப் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

போன வாரம் கை தவறி இரண்டு.
அவன் அறைக்குள் போய்விட்டேன்.
சுட்டினால் திறக்கவில்லை.
மறுபடி சுட்டினேன், இல்லை.
எரிச்சலில் வலது பொத்தானை அழுத்த,
திறந்தது.

பொத்தான்களை இடம் மாற்றி வைத்திருக்கிறான்.

ஹம்டான் இடதுகைக்காரன்.
நாலு வருஷமாக மரியாதைக்கு
வலது கையால் பதிவேடு நீட்டியவன்.
சண்டை போட்ட மூன்று மாதமும்
அந்தப் பொத்தான்களை மட்டும்
எனக்காக விட்டுவைத்தவன்.

சாயங்காலச் சங்குக்கு ஐந்து நிமிடம்.
எலியை இடப்பக்கம் வைத்தேன்,
வாலில் விழுந்திருந்த முடிச்சை
ஒன்பது விரலால் அவிழ்த்துவிட்டு.